ஏலக்காய்ப் பணத்தில் வெளிநாட்டுப் படிப்பு: கடனுக்கு முன் போட வேண்டிய கணக்கு

மே மாதக் கடைசியில் ஒரு மாலை, எங்கள் தெருமுனை வீட்டுக்காரர் மஞ்சள் பையோடு வந்தார். எனக்கு அண்ணன் முறை. வீடு இங்கே கம்பத்தில், தோட்டம் மலைக்கு மேலே கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம், மூன்று ஏக்கர் ஏலக்காய். மகள் பொறியியல் முடித்துவிட்டு, இங்கிலாந்தில் ஓராண்டு முதுகலைப் படிப்புக்கு இடம் வாங்கியிருந்தாள். பையிலிருந்ததை மேசையில் பரப்பினார். மலையாளத்தில் எழுதிய ஆதாரம் என்னும் நிலப் பத்திரம், ரப்பர் பேண்டு போட்ட கரம் (நில வரி) ரசீதுகள், காயை ஏலம் விடும் கம்பெனி கொடுத்த விற்பனைச் சீட்டுகள் ஒரு கட்டு, கடைசியில் கம்பத்து வீட்டின் பட்டா நகல். சீட்டுகளில் இன்னும் காயின் மணம் இருந்தது.

"மூன்று ஏக்கர் இருக்கிறது தம்பி. அதன் பேரில் முப்பது லட்சம் கொடுக்க மாட்டார்களா?" என்றார்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டுவிட்டேன். கூடலூர், தேவாரம், போடி என்று எந்த ஊர்க்காரர் வந்தாலும், மலைக்கு மேலே நிலமும் மலைக்குக் கீழே குடும்பமுமாக வாழ்பவர்கள் எல்லாருக்கும் இதே நம்பிக்கைதான். கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் பதில். ஏன் என்று முதலில் சொல்கிறேன். மற்ற கணக்குகள் எல்லாம் அதிலிருந்தே தொடங்குகின்றன.

கல்விக் கடனுக்கு வங்கிகள் பின்பற்றும் பொதுவான மாதிரித் திட்டத்தில் 4 லட்சம் வரை பிணை கேட்பதில்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபரின் உத்தரவாதம் கேட்கலாம். அதற்கு மேல் போனால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றால் அநேகமாக இந்த மூன்றாவது படியில்தான் நிற்போம். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் நீதிமன்றத்துக்கு அலையாமல் சொத்தை எடுத்து விற்க 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வங்கிக்கு அதிகாரம் தருகிறது. சர்ஃபாசி என்பார்கள். அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. விவசாயியைக் காப்பதற்காக வைத்த நல்ல விலக்கு அது. ஆனால் விற்க முடியாத பொருளைப் பிணையாக வாங்க வங்கி தயங்குகிறது. நிலத்தின் மதிப்பு கோடியாக இருந்தாலும் கல்விக் கடன் மேசையில் அதற்கு எடை இல்லை.

ஏலத்தோட்டத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஏலமலைக் காட்டுப் பகுதி வருவாய் நிலமா, வனமா என்ற வழக்கு பல ஆண்டுகளாக உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. 2024 அக்டோபரில் அங்கே புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடையும் வந்தது. மூன்று தலைமுறையாகக் கரம் கட்டிய குடும்பமாக இருந்தாலும், வங்கியின் வக்கீல் அந்த ஆதாரத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுகிறார். போதாததற்குக் காகிதம் மலையாளத்தில், சொத்து இன்னொரு மாநிலத்தில். கம்பத்துக் கிளை அதை இடுக்கிக் கிளைக்கு அனுப்பி, அங்கே பட்டியலில் உள்ள வக்கீலும் மதிப்பீட்டாளரும் பார்த்துத் திரும்பி வருவதற்குள் கல்லூரி கொடுத்த கெடு முடிந்துவிடும்.

பிணையாக நிற்பவை கம்பத்து வீடு, அங்கீகாரம் பெற்ற வீட்டுமனை, வங்கி வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் இவைதான். வீடு என்றால் தாய்ப்பத்திரம் முதல் இன்றுவரை சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்து, அத்தைமார் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்காமல் இருந்தால், அதைச் சரிசெய்யவே ஆறு மாதம் ஆகலாம். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

வருமானத்துக்கும் இதே கதைதான். இணைக் கடனாளியான தந்தையிடம் வங்கி இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு கேட்கும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் எங்கள் பக்கத்தில் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. வரி கட்ட வேண்டியதில்லை என்றாலும், விலக்கு பெற்ற வருமானமாக விவசாய வருமானத்தைக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்யலாம். ஏலக் கம்பெனியின் விற்பனைச் சீட்டும் வங்கிக் கணக்கில் வந்த பணமும் அதற்குச் சான்று. தாசில்தாரின் வருமானச் சான்றைவிட இதற்கு வங்கியில் மதிப்பு அதிகம். கையில் ரொக்கமாக வாங்கிய பணத்தை எந்த மேலாளரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.

இனி தொகைக்கு வருவோம். அண்ணன் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் 18,000 பவுண்டு. வாழ்க்கைச் செலவுக்கு இவ்வளவு பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட வேண்டும் என்பது பிரிட்டன் அரசின் விதி. 2025 நவம்பர் முதல் லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529, ஒன்பது மாதத்துக்கு. லண்டனுக்கு வெளியே என்றால் அது 10,539 பவுண்டு. மருத்துவச் சேவைக்கான கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்புக்கு விசா ஓராண்டைத் தாண்டுவதால் ஒன்றரை ஆண்டுக்குக் கட்ட வேண்டும், 1,164. மூன்றையும் கூட்டினால் 29,703 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் 34 லட்சத்துக்குச் சற்று மேல். விசாக் கட்டணம், விமானம், குளிருக்கு உடை, போனதும் அறைக்குக் கொடுக்கும் முன்பணம் எல்லாம் சேர்ந்து 36 லட்சம் என்று எழுதினேன். வெளிநாட்டுப் படிப்புக்கு 15 சதவீதத்தைக் குடும்பம் போட வேண்டும் என்பது பொதுவான விதி. ஆக வங்கி சுமார் 30 லட்சம், குடும்பம் சுமார் 6 லட்சம்.

இந்த 30 லட்சம் எத்தனை லட்சமாக வளரும் என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. வட்டி 10.5 சதவீதம் என்றும் மொத்தத்தையும் தொடக்கத்திலேயே வாங்கியதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக் காலம் ஓராண்டு, அதன் பிறகு தவணை விலக்கு ஓராண்டு. இந்த இரண்டு ஆண்டிலும் தவணை இல்லை என்பார்கள். வட்டி இல்லை என்று யாரும் சொல்வதில்லை. தனி வட்டியாக ஆண்டுக்கு 3.15 லட்சம் ஏறி, 6.3 லட்சம் அசலோடு சேரும். தவணை தொடங்கும் நாளில் கடன் 36.3 லட்சம். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 49,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 58 லட்சத்துக்கு மேல். பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் மாதம் சுமார் 40,000, மொத்தம் 72 லட்சம். படிக்கும் காலத்திலேயே மாத வட்டி 26,250 ரூபாயைக் கட்டிவந்தால், அசல் 30 லட்சத்திலேயே நின்று, பத்தாண்டுத் தவணை 40,500 அளவுக்கு இறங்கும்.

அண்ணனுக்கு மாதக் கணக்கு பிடிபடவில்லை. தோட்டக்காரருக்கு வருமானம் மாதத்தில் வருவதில்லை. ஆகவே கிலோவில் போட்டுக் காட்டினேன். மாதம் 49,000 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 5.88 லட்சம். காய் கிலோ 2,500 ரூபாய்க்குப் போனால் 235 கிலோ. 1,000 ரூபாய்க்கு இறங்கினால் 588 கிலோ. கூலி, உரம், மருந்து, ஸ்டோரில் உலர்த்தும் விறகுச் செலவு எல்லாம் போக மிஞ்சும் காயிலிருந்து இவ்வளவு. அவர் பேசாமல் இருந்தார். 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டதை அவர் மறக்கவில்லை. அந்த ஆண்டுதான் மாடி கட்டினார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே போனதையும், 2024 கோடையில் மழை பொய்த்து மலையில் செடிகள் கருகியதையும் அவர் மறக்கவில்லை. மேலும் கீழும் இப்படி ஆடும் வருமானத்தின் மீது, பத்தாண்டுக்கு ஒரே அளவில் நிற்கும் தவணையை ஏற்றுகிறோம். வங்கி அதிகாரி இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு வீடு பிணையாக இருக்கிறது.

இங்கிலாந்தில் வேலை கிடைத்துவிட்டால் தவணை பெரிய சுமையாக இருக்காது. கிடைக்காமல் திரும்பினால் என்ன என்பதைத்தான் கணக்குப் போட வேண்டும். படித்து முடித்த பிறகு அங்கே தங்கி வேலை தேட இப்போது இரண்டு ஆண்டு தருகிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. படிக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். அது சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் துணையாகும், கடனை அடைக்க அதை நம்ப முடியாது. என் கருத்து இது: மகள் கோயம்புத்தூருக்கோ கொச்சிக்கோ திரும்பி வந்து மாதம் 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தால், அந்தக் கடனை வீட்டை விற்காமல் அடைக்க முடியுமா? முடியாது என்றால் கடன் தொகை அதிகம். அப்போது படிப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நாட்டை மாற்றலாம், கல்லூரியை மாற்றலாம், சும்மா கிடக்கும் மனை ஒன்றை விற்றுக் கடனைப் பாதியாக்கலாம். நகரத்தில் ஒரு மனையை விற்பதற்குத் தயங்கி, குடியிருக்கும் வீட்டை அடகு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனை போனால் ஒரு சொத்து குறையும், அவ்வளவுதான்.

தொகையைவிட எனக்குக் கவலை தருவது நாள்காட்டி. செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்குக் கல்லூரிகள் முன்பணத்தை மே, ஜூனில் கேட்கும். அதைக் கட்டினால்தான் விசாவுக்கான சேர்க்கை உறுதிச் சான்று வரும். ஜூலையில் விசா. ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு சூடுபிடிப்பது ஆகஸ்டுக்குப் பிறகு, நல்ல வரவு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மே, ஜூன் மாதங்களில்தான் தோட்டக்காரரின் கை வறண்டிருக்கும். கவாத்து, உரம், களையெடுப்பு என்று பணம் வெளியே போகும் காலமும் அதுதான். கம்பத்தில் நகைக்கடன் கவுண்டர்களில் பிள்ளைகளின் படிப்புக்காக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். சம்பளக்காரக் குடும்பத்துக்கு எழுதிய ஆலோசனைகளில் இந்த விஷயம் இருக்காது. பல பிரிட்டன் கல்லூரிகளில் ஜனவரியிலும் சேரலாம். அதற்கான முன்பணம் அக்டோபர், நவம்பரில் விழும். ஜெர்மனியில் ஏப்ரலில் தொடங்கும் பருவம் உண்டு. அதற்கான பணம் தேவைப்படுவது எடுப்பு முடியும் காலத்தில். பாடப்பிரிவுகள் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஆனால் அதே படிப்பு ஜனவரியிலும் இருந்தால், தோட்டத்தை நம்பும் குடும்பம் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

பணத்தைக் கையில் வைத்திருப்பது வேறு, விசாவுக்குக் காட்டுவது வேறு. பிரிட்டன் விசாவுக்கு அந்தப் பணம் மாணவர் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளப்படலாம். நிலமும் நகையும் எண்ணிக்கையில் வராது. முறையான வங்கியின் கல்விக் கடன் அனுமதிக் கடிதம் எண்ணிக்கையில் வரும். இருப்புக் காட்டுவதற்காக மாத வட்டிக்கு லட்சங்களைக் கணக்கில் போட்டு எடுத்துத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். விசா கிடைத்தாலும் பணம் போய்விடும், அங்கே போய்ச் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டாம் மாதமே வாடகைக்கு வழியிருக்காது.

ஜெர்மனி இந்த விஷயத்தில் வேறு மாதிரி. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்கத் தொடங்கியது. கட்டணம் இல்லாவிட்டாலும், வாழ்க்கைச் செலவுக்கென்று 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும், 2024 செப்டம்பர் முதல் இதுதான் தொகை. யூரோ 100 ரூபாய் என்றால் ஏறக்குறைய 12 லட்சம். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக மகளுக்கே திரும்பி வரும். கட்டணம் போல ஒரே நாளில் போய்விடுவதில்லை. ஆனால் முழுவதும் முதலிலேயே வேண்டும், இரண்டாம் ஆண்டுக்கும் யோசிக்க வேண்டும். இந்திய மாணவர்களின் சான்றிதழைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் சான்று 2022 நவம்பர் முதல் கட்டாயம், அதற்கு 18,000 ரூபாய். செவிலியர் படிப்பைத் தொழிற்பயிற்சியாகப் படித்தால் மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் ஊதியமே தருகிறார்கள், ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்திருந்தால். கோட்டயம் பக்கம் ஜெர்மன் வகுப்புகள் நிறைவதற்குக் காரணம் இதுதான். கேரளத்தில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு, வெளிநாட்டுக் கேரளத்தவருக்கான கேரள அரசின் அமைப்பான நோர்கா ரூட்ஸ், ஜெர்மன் அரசு அமைப்புகளோடு சேர்ந்து நடத்தும் ட்ரிப்பிள் வின் திட்டத்தில் செவிலியர்களைப் பணம் வாங்காமலே தேர்ந்தெடுக்கிறது.

ஏஜென்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு மாணவரைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்குக் கமிஷன் தருகின்றன. கமிஷன் தராத கல்லூரியை அவர்கள் பரிந்துரைப்பது அரிது. கட்டணமில்லாத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள், போதும்.

ரூபாய் இறங்குவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2014இல் 60 ரூபாய்ச் சுற்றில் இருந்த டாலர் 2024 முடிவில் 85 ஆனது. வங்கி கடனை ரூபாயில் அனுமதிக்கிறது, பில் வெளிநாட்டு நாணயத்தில் வருகிறது. ஓராண்டுப் படிப்பில் அதிகம் தெரியாது. நான்காண்டு இளங்கலையில் கடைசி ஆண்டுக் கட்டணம் வீட்டுக்காரரைத் திகைக்க வைக்கும். அனுமதித் தொகையில் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாகக் கேட்டு வாங்கிவையுங்கள். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை.

சொந்தப் பணத்தை அனுப்பும்போது வங்கி ஒரு வரியைப் பிடித்துவைக்கும். 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் பெயரில் 10 லட்சத்தைத் தாண்டும் பகுதிக்குத்தான் அது. 2025-26இல் படிப்புக்கான விகிதம் 5 சதவீதம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் பிடித்தமே இல்லை. கணக்குத் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்ப வரும், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தந்தை பெயரில் பாதி, தாய் பெயரில் பாதி என்று அனுப்பினாலோ, மார்ச் முடிவுக்கு முன் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று பிரித்தாலோ வரம்புக்குள் நிற்கலாம். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அனுப்பும் ஆண்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வட்டிக்கு 1961 வருமான வரிச் சட்டத்தில் 80-இ பிரிவாக அறியப்பட்ட விலக்கு, வரி கட்டாத தோட்டக்காரருக்குப் பயன்படாது. மகள் வேலைக்கு வந்து பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால் எட்டு ஆண்டுக்குப் பயன்படும்.

உதவித்தொகையில் மாநில எல்லைக்கோடு மிகக் கொடுமையாக வெட்டுகிறது. தினமும் விடியற்காலையில் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறும் கூலிக்காரர்களின் பிள்ளைகளும், மலையிலேயே குடியிருப்புகளில் தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றில் குடியேறினால் பட்டியல் சாதிச் சலுகை தானாகவே உடன் வந்துவிடாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேரளத்தில் சாதிச் சான்று வாங்க 1950க்கு முன்பே குடும்பம் அங்கே இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து இறந்த பாட்டனுக்கு எந்த அலுவலகம் எந்தக் காகிதம் கொடுத்திருக்கும்? தமிழ்நாட்டிலோ, இங்கே குடியிருப்பு இல்லை என்கிறார்கள். இது தீர்க்கப்பட வேண்டிய அநியாயம். இந்தக் குடும்பங்களுக்கு ஒரு வழியைச் சொல்ல வேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு அதிக இடங்கள், அதோடு நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில இடங்கள் உண்டு. முதுகலைக்கும் ஆய்வுக்கும் மட்டும்தான். ஏலத்தோட்டக் கூலியின் மகன் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்கலாம் என்பதை மலையில் சொல்வதற்கு ஆள் இல்லை. தமிழ்நாட்டில் சான்று உள்ளவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. சிறுபான்மையினருக்கான வட்டி மானியத் திட்டமான படோ பர்தேஷ் நின்றுவிட்டது. அது இன்னும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மருத்துவப் படிப்புக்கு ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அனுப்புபவர்கள் கட்டணத்தோடு நிறுத்தாமல் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிகளையும் படிக்க வேண்டும். 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, திரும்பி வந்ததும் உரிமத் தேர்வு. அந்தத் தேர்வில் முதல் முறையிலேயே தேறாதவர்கள் அதிகம். ஆறு ஆண்டுக்குப் பிறகும் ஓரிரு ஆண்டு வருமானமில்லாமல் தவணை ஓடும் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணன் அன்று இரவு ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினார். மறுநாள் மகள் கல்லூரிக்கு எழுதினாள், ஜனவரியில் சேர அனுமதி கேட்டு. மூன்றாம் நாள் பதில் வந்தது, அதே கட்டணம், அதே பாடம். தாய்ப்பத்திரத்தில் அத்தையின் கையெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அத்தை இருப்பது உத்தமபாளையத்தில். அதற்கு ஜூன் மாதத்தை ஒதுக்கினோம். தோட்டத்து ஆதாரத்தை மடித்துப் பையில் வைக்கும்போது, கரம் ரசீதுகளை மட்டும் தனியாக எடுத்துக் கொடுத்தார். வருமானக் கணக்குத் தாக்கல் செய்யும்போது நிலம் தன்னுடையது என்று காட்ட அவை வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். நவம்பரில் எடுப்பு முடிந்ததும் எட்டு மூட்டை காய் புற்றடிக்குப் போகும் என்று கணக்குச் சொன்னார். அந்தப் பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்று ஏலக் கம்பெனியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்.